இலைக்கு ஒரு கரண்டி: இணைய லைன் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் கேபிள் டிவியில் ஆரம்பித்து, பிறகு ஃபைபர் இழுத்து, இப்போது சுற்று ஊர்களில் 640 வீடுகளுக்கு நெட் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரியில் மட்டும் லைன் ஏன் திணறுகிறது என்று போன இதழில் நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

தம்பி, என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவான். அங்கே அப்போது பத்தரை. அவன் முகம் எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் என் முகம் அவனுக்கு நின்று நின்று போகிறதாம், குரலும் விட்டு விட்டுக் கேட்கிறதாம். பகலில் ஒரு குறையும் இல்லை. லைன்காரப் பையன் வந்து பார்த்துவிட்டு, “50-க்கு 48 வருது ஆச்சி, 100 பிளானுக்கு மாறிடுங்க” என்கிறான். ரசீதில் கீழே 50, மேலே 10 என்று போட்டிருக்கிறது. வீட்டில் நானும் கல்லூரிக்குப் போகும் பேரனும்தான். மாறட்டுமா? (ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

இப்போதைக்கு மாறாதீர்கள் ஆச்சி. யார் முகம் யாருக்கு நிற்கிறது என்று எழுதினீர்களே, பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது. மகன் முகம் உங்களுக்கு வருவது கீழே இறங்கும் 50-இல். உங்கள் முகம் அவனுக்குப் போவது மேலே ஏறும் 10-இல். அந்தப் பையன் சோதித்தது 50-ஐ. கோளாறு இருப்பது 10-இல்.

வீடியோவில் பேசுவதற்கு 3, 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு) இருந்தாலே தாராளம். அப்படியானால் 10 ஏன் போதவில்லை? என் சந்தேகம் உங்கள் பேரனின் போன் மேல். பகலெல்லாம் எடுத்த படங்களையும் வீடியோக்களையும் அது சாயங்காலம் வீட்டு வைஃபை கிடைத்ததும் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். பையனுக்கே அது தெரியாது. அந்தப் படங்கள் உங்கள் ரூட்டருக்குள் வரிசை கட்டி நிற்கும். வரிசையில் ஒரு மெகாபைட், அதாவது 8 மெகாபிட், நின்றால் போதும், 10 எம்பிபிஎஸ் லைனில் அது வெளியேற முக்கால் வினாடிக்கு மேல் ஆகும். நீங்கள் “சாப்பிட்டியாப்பா” என்று கேட்டது அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. முக்கால் வினாடி கழித்து வந்த குரலை வைத்துக்கொண்டு அவன் போன் என்ன செய்யும்? தூக்கிப் போட்டுவிடும். சினிமா பார்க்கும்போது இந்தத் தொல்லை தெரியாது. படம் கொஞ்சம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஓடும். பேச்சை முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாதே.

இன்று ராத்திரி கால் முடியும்வரை பேரனைப் போனில் வைஃபையை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். முகம் நிற்காமல் போனால் காரணம் அதுதான். அப்புறம் லைன்காரப் பையனைக் கூப்பிட்டு, ரூட்டரில் மேலே போகும் வேகத்தை 9-க்குக் கட்டுப்படுத்தி, கியூஓஎஸ் என்று, யாரை முதலில் விடுவது எனப் பங்கிடும் ஒரு பகுதி இருக்கும், அதை இயக்கிவிடச் சொல்லுங்கள். அப்போதும் நின்றால், ரூட்டர் இருக்கும் முகப்பிலேயே உட்கார்ந்து ஒரு நாள் பேசிப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் இரண்டு தாண்டினால் வைஃபை பாதிதான் வந்து சேரும். அதற்கும் 100 பிளான் மருந்தில்லை.

அண்ணே, தேவகோட்டை பக்கம் 300 வீடு வைத்திருக்கிறேன். எனக்கு லைன் கொடுப்பவரிடம் 300 எம்பிபிஎஸ் எடுக்கிறேன். ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரை வரைபடம் தலை தட்டி நிற்கிறது. கால் முதலில், கேம் இரண்டாவது, சினிமா மூன்றாவது, டவுன்லோடு கடைசி என்று முன்னுரிமை போட்டால் சரியாகிவிடுமா? மைக்ரோடிக் கம்பெனி ரூட்டர்தான் வைத்திருக்கிறேன். (தம்பி ஒருவர், தேவகோட்டை)

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் தம்பி. உன்னிடம் வீட்டுக்கு ஒரு எம்பிபிஎஸ்தான் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நம் தொழிலே ஓடுகிறது, அதில் தப்பில்லை. ஆனால் என் வரைபடத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கு மொத்தத்தை வீட்டு எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு வரை வருகிறது. உன் ஊரிலும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும். அப்படியானால் உனக்கு 450-இலிருந்து 600 வரை வேண்டும். முன்னுரிமை ஒரு பிட்டைக்கூடப் புதிதாக உண்டாக்காது. யார் காத்திருப்பது என்று முடிவு செய்வது மட்டும்தான் அதன் வேலை. பிராட்பேண்ட் சேவைத் தரத்துக்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் போட்ட விதிமுறையில், நெரிசல் நேரத்தில் லைனில் 80 சதவீதத்துக்கு மேல் ஓடக்கூடாது என்றும், 90 தாண்டினால் அது நெரிசல் என்றும் இருந்தது. நான் 75-ஐத் தொட்டதுமே எனக்கு லைன் கொடுப்பவரிடம் பேசிக் கூடுதல் அகலம் (பேண்ட்வித்) கேட்டுவிடுவேன். கேட்ட அன்றே யாரும் கொடுத்துவிடுவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு உன் கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டிருப்பதை அப்படியே நான் செய்து பார்த்தவன். 2020-இல் ஊரடங்கு வந்தபோது கோட்டையூரில் ஒரு டீச்சர் வீட்டிலிருந்து வகுப்பு எடுத்தார். “தம்பி, பிள்ளைகள் எல்லாம் ‘மிஸ், கேக்கலை’ன்னு சொல்லுதுங்க” என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். அன்று ராத்திரியே உட்கார்ந்து நாற்பதுக்கு மேல் விதி எழுதினேன். இந்த போர்ட் எண், அதாவது தகவல் நுழையும் வாசல் எண், வந்தால் கால், இந்த முகவரி வந்தால் சினிமா, இவ்வளவு பெரிதாக வந்தால் டவுன்லோடு என்று. இரண்டு வாரம் ஓடியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பொய்த்தது. இன்று முக்கால்வாசி டிராஃபிக் பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி வருகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியிருப்பதில்லை. சினிமாவும் 443 போர்ட்டில் வருகிறது, வங்கியும் 443-இல் வருகிறது, சில கால்களும் அதே 443-இல் வருகின்றன. கேமுக்கு முன்னுரிமை கொடுத்தேன். கேமின் 40 ஜிபி அப்டேட் அதே முன்னுரிமையில் ஏறிக்கொண்டு டீச்சரின் வகுப்பை மிதித்தது. ஒவ்வொரு செயலி மாறும்போதும் நான் விதியைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்தேன்.

அப்புறம் கண் திறந்தது ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில். நம் ஊர்ப் பந்தியை நினைத்துப் பார். பரிமாறுகிறவர் ஒரே இலையில் வாளியைக் கவிழ்ப்பதில்லை. இலைக்கு ஒரு கரண்டி, அடுத்த இலை, அடுத்த இலை, மறுபடி முதல் இலை. நிறையச் சாப்பிடுகிறவர் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கிறார். ஒரே ஒரு அப்பளம் கேட்ட குழந்தைக்கு உடனே கிடைத்துவிடுகிறது. அது குழந்தை என்று யாரும் விதி எழுதவில்லை. அது கேட்டது கொஞ்சம், அவ்வளவுதான். கால் என்பது அந்தக் குழந்தை. நொடிக்குக் கொஞ்சம்தான் கேட்கும், ஆனால் கேட்ட உடனே வேண்டும். டவுன்லோடு என்பது நிறையச் சாப்பிடுகிறவர். யார் என்ன என்று கண்டுபிடிக்காமலே, முறை வைத்துப் பரிமாறினால் கால் தானாக முன்னே வந்துவிடும்.

இதைச் செய்கிற முறைக்கு எஃப்கியூ-கோடெல் என்று பெயர். கேக் என்று இன்னொன்றும் உண்டு. உன் மைக்ரோடிக்கின் மென்பொருளை ரூட்டர்ஓஎஸ் 7-க்கு ஏற்றினால் இரண்டும் கிடைக்கும். இதன் பின்கதை எனக்குப் பிடித்தது. 1986-இல் அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் நடுவே 400 கஜ தூரம்தான். அந்த இணைப்பில் நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்தது 40 பிட்டுக்கு விழுந்தது. 32,000 எங்கே, 40 எங்கே! ஏன் என்று தேடிக் கிளம்பியவர் வான் ஜேக்கப்சன். அனுப்புகிற பக்கம் நெரிசலைத் தெரிந்துகொண்டு தானே வேகம் குறைக்கும் வழியை 1988-இல் எழுதினார். பாக்கெட், அதாவது நெட்டில் போகும் தகவல் துண்டு, தொலைவதுதான் நெரிசலுக்கு அடையாளம். பிறகு மெமரி மலிவாகிப்போனது. பாக்கெட் தொலையக்கூடாது என்று ரூட்டர் பெட்டி செய்கிறவர்கள் உள்ளே பெரிய பெரிய பஃபர், அதாவது பாக்கெட் காத்து நிற்கும் இடம், வைத்தார்கள். பாக்கெட் தொலையவில்லை, அதனால் யாரும் வேகம் குறைக்கவுமில்லை, வரிசை மட்டும் நீண்டது. ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010 வாக்கில் தன் வீட்டு லைனிலேயே இதைப் பார்த்து, பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் சேர்ந்து கோடெலைக் கொடுத்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். 5 மில்லிசெகண்டுக்கு மேல் நிற்பது 100 மில்லிசெகண்டு நீடித்தால் ஒரு பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அனுப்புகிற பக்கம் புரிந்துகொண்டு மெதுவாகும். அத்துடன் பந்தி முறையும் சேர்ந்ததுதான் எஃப்கியூ-கோடெல். 2018-இல் இணைய முறைகளை விவரிக்கும் ஆவண வரிசையில் ஆர்எஃப்சி 8290 என்று வெளியானது.

உனக்கு இதில் மூன்று இடத்தில் கை வழுக்கும். எனக்கு வழுக்கியது.

வரிசை உன் பெட்டியில் நிற்க வேண்டும். நீ 300 வாங்கி 300-ஐயும் விட்டால் வரிசை உனக்கு லைன் கொடுப்பவரின் பெட்டியில் நிற்கும். அங்கே பெரிய பஃபர், முறை கிடையாது. உன்னிடம் வந்து சேரும்போது தாமதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். அதனால் மொத்தத்தை 285-க்குக் கட்டு. 15 எம்பிபிஎஸ் போகிறதே என்று மனசு கேட்காது. கட்டிப் பார், ராத்திரி ஒன்பதுக்குப் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம், மில்லிசெகண்டில்) எவ்வளவு என்று நீயே எழுதி வை. நானும் என் லைனை அதே 95 சதவீதத்துக்குத்தான் கட்டியிருக்கிறேன்.

இரண்டாவது, இலையை வீட்டுக்கு ஒன்றாகப் போடு. இணைப்புக்கு ஒன்றாகப் போட்டால், டோரண்ட் ஓட்டுகிற ஒரு பையன் இருநூறு இணைப்பு திறந்து இருநூறு இலை போட்டு உட்கார்ந்துவிடுவான். அந்தத் தெருவில் ஒரே ஒரு கால் பேசும் பாட்டிக்கு ஒரு இலை. அது முறையல்ல. வீட்டுக்கு ஒரு வரிசை, அந்த வீட்டுக்குள் மறுபடி பந்தி.

மூன்றாவது, ஃபாஸ்ட்ட்ராக், அதாவது பாக்கெட்டைக் குறுக்கு வழியில் விடும் வசதி. ரூட்டர் சூடாகிறதென்று யாரோ சொல்லி அதை இயக்கி வைத்திருப்பாய். ஃபாஸ்ட்ட்ராக் வழியாகப் போகும் பாக்கெட், நீ போட்ட சிம்பிள் கியூ (மைக்ரோடிக்கில் வரிசை அமைக்கும் விதி) எதையும் தொடாமல் போய்விடும். எல்லாம் சரியாக எழுதியும் ஒரு வாரம் எனக்கு ஒன்றுமே மாறவில்லை, காரணம் அந்த ஒரு வரி. அதை எடுத்ததும் ரூட்டரின் சிபியு ஏறியது. பெரிய ரூட்டர் வாங்கினேன். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்.

எதற்குமே முன்னுரிமை வேண்டாமா என்று கேட்பாய். தளத்தின் பெயரை வைத்து முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்-க்குக் கொடு. வீடுகளுக்கு ஃபைபர் கிளம்பும் பெட்டியான உன் ஓஎல்டியையும் ரூட்டர்களையும் எட்டுகிற வழிக்குக் கொடு. லைன் நிரம்பி வழியும்போதுதான் நீ உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். நீயே ஐபி போன் கொடுத்திருந்தால் அதற்குக் கொடு, ஒரு கால் 100 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். மூன்றும் சேர்ந்து இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பும் போடு. வாடிக்கையாளர் வீட்டிலிருந்து “நான் அவசரம்” என்று முத்திரை குத்தி வருகிற பாக்கெட்டை நம்பாதே, முத்திரையை வாசலிலேயே அழித்துவிடு.

அந்த டீச்சர் இப்போதும் என் வாடிக்கையாளர்தான்.

பழைய செட்டியார் வீட்டை விடுதியாக்கி நடத்துகிறோம். வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். மற்ற வீடுகளைவிட மூன்று மடங்கு பணம் கட்டுகிறோம். ராத்திரியில் எங்கள் டிராஃபிக்கை முதலில் விடச் சொல்லலாமா? யூடியூபை மட்டும் தனியாக வேகமாக விட முடியுமா? (விடுதி நடத்துபவர், காரைக்குடி)

இரண்டு கேள்விக்கும் இரண்டு பதில். அதிகப் பணத்துக்கு அதிக வேகம் வாங்கலாம், அது பிளான். ராத்திரியிலும் இவ்வளவுக்குக் குறையாது என்று உறுதி கொடுக்கிற லைனும் உண்டு. லீஸ்ட் லைன் என்று கேளுங்கள், விலை கூடுதல். உங்களுக்காக லைன்காரர் தனக்கு லைன் கொடுப்பவரிடம் அந்த அளவு அகலத்தைத் தனியாக வாங்கி வைக்கிறார் என்றால் அதில் யாருக்கும் நட்டமில்லை. வாங்காமல் உங்களை மட்டும் முன்னே தள்ளினால், அந்த எம்பிபிஎஸ் எதிர்த்த வீட்டிலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும். லைன்காரரிடம் இதை நேராகக் கேட்டுவிடுங்கள்.

யூடியூபை மட்டும் வேகமாக விடுவது நம் நாட்டில் கூடாது. உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் மாற்றக்கூடாதென்று டிராய் 2016 பிப்ரவரியில் விதித்தது. ஒன்றை வேகப்படுத்துவது, இன்னொன்றை மெதுவாக்குவது, தடுப்பது எதுவும் கூடாதென்று 2018-இல் உரிம நிபந்தனையிலேயே சேர்த்துவிட்டார்கள். நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடு செய்யலாம். அது அளவோடு, தற்காலிகமாக, வெளிப்படையாக இருக்க வேண்டும். என் கடைச் சுவரில் நான் எப்படிப் பங்கிடுகிறேன் என்று ஒரு பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறேன். உங்கள் லைன்காரரிடமும் அப்படி ஒரு பக்கம் கேளுங்கள்.

அண்ணா, கேம் விளையாடும்போது பிங் 35 இருக்கும். அக்கா எதையாவது டவுன்லோடு போட்டால் 300-க்குப் போகிறது. கேமிங் ரூட்டர் வாங்கலாமா? (பிளஸ் டூ மாணவர், புதுவயல்)

பெயருக்காக வாங்காதே தம்பி. எஸ்கியூஎம் என்ற வசதி (முன்னே சொன்ன பந்தி முறைதான்) உள்ள ரூட்டர் போதும், விலை குறைந்ததிலும் கிடைக்கும். அதில் உன் லைன் வேகத்தில் 90 சதவீதத்தைக் கீழேயும் மேலேயும் போட்டு வை. அக்கா டவுன்லோடு போட்டபடியே பிங் பார். போனில் வைஃபையில் விளையாடினால் முதலில் ரூட்டர் இருக்கிற அறைக்குப் போய் விளையாடிப் பார்த்துவிட்டுச் செலவு செய்.

நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊரில் வீடு வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும். இந்த முறை முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு நான்கு நாள் எண்பது பேர் வருகிறார்கள். வர முடியாத சொந்தங்களுக்கு நேரலையும் காட்ட வேண்டும். 300 பிளான் எடுத்துவிட்டால் போதுமா? (வாசகர், பூர்வீகம் கண்டனூர்)

எண்பது பேருக்கு 300 தாராளமாகப் போதும், அது உங்களிடம் வந்து சேர்ந்தால். சிக்கல் வீட்டுக்குள்தான். முகப்பில் ஒரு ரூட்டரை வைத்துவிட்டு இரண்டாங்கட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வைஃபை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முகப்பிலிருந்து வளவுக்கும் (முற்றம் இருக்கும் நடுப்பகுதி), அங்கிருந்து பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்கும் நெட்வொர்க் கேபிள் இழுத்து, ஒவ்வொரு இடத்திலும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வையுங்கள். சுவரில் துளை போட வேண்டாம்; நிலைக்கு மேலே இருக்கும் வெளிச்சச் சன்னல் வழியாகவே கொண்டுபோகலாம். நான்கு நாளுக்கு வாடகைக்குத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். நானே கொடுத்திருக்கிறேன்.

நேரலைக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள். மேலே 5, 6 எம்பிபிஎஸ் தொடர்ந்து போனால் போதும். ஆனால் எண்பது போனும் அதே நேரத்தில் படம் ஏற்றிக்கொண்டிருக்கும். அந்த கேமராவையும் கணினியையும் வைஃபையில் விடாமல் கேபிளில் நேராக ரூட்டரில் சொருகி, அந்த ஒரு போர்ட்டுக்கு மட்டும் மேலே 8 எம்பிபிஎஸ் ஒதுக்கச் சொல்லுங்கள். முன்னுரிமை என்பது தெளிவாக அர்த்தப்படுகிற இடம் இது. எந்தக் கம்பி, எத்தனை மணி நேரம், யாருக்காக என்று எல்லாருக்கும் தெரியும். சாமி கும்பிட்டு முடிந்ததும் எடுத்துவிடலாம்.

இன்னொன்று. ஃபைபரில், எங்கள் ஓஎல்டி பெட்டியின் ஒரே ஜிபான் போர்ட்டை (ஒரு ஃபைபர் கிளம்பும் துளை) பொதுவாக 32 வீடோ 64 வீடோ பங்கிடும். மேலே போக எல்லாருக்கும் சேர்த்து 1.25 ஜிபிபிஎஸ் (1,250 எம்பிபிஎஸ்) வரைதான். சாதாரண நாளில் அது மிச்சமாகவே கிடக்கும். ஆனால் நல்ல முகூர்த்த நாள் என்றால் அதே தெருவில் இன்னும் நான்கு பூட்டிய வீடு திறக்கும். ஒரு தை மாதத்தில் ஒரே தெருவில் ஐந்து வீடு திறந்து, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், எனக்கு லைன் கொடுப்பவரிடம் நான் வாங்கி வைத்திருந்த அகலம் சாயங்காலத்திலேயே தீர்ந்துபோயிற்று. ஒரு வீட்டில் லண்டனிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்குத் தாலி கட்டும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. அவர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து முகூர்த்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, அந்த வாரத்துக்கு மட்டும் கூடுதல் அகலம் கேட்டு வாங்குகிறேன்.

அதனால் உங்கள் ஊர் லைன்காரருக்குப் பத்து நாள் முன்பே போன் போட்டு, எந்தத் தேதி, எத்தனை பேர், நேரலை எத்தனை மணிக்கு என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். லைனை முதல் நாளே திறந்து, அன்று ராத்திரி எட்டு மணிக்கு ஒரு முறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள்; காலையில் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.